பூஜ்யம் போட்ட கிணறு

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் அடித்து வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் காவலாளி தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியின் இரும்பு மூடியைத் தூக்கி, கம்பை விட்டுப் பார்த்து, எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று அதில் சாக்பீஸால் எழுதுவார். நான்கு என்று இருந்தால் மேடவாக்கத்து மனிதர்கள் ஒருவருக்கொருவர் குட்மார்னிங் சொல்லிக்கொள்வார்கள். இரண்டு என்று இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படிக்கட்டில் இறங்கிப் போவார்கள். போன கோடையில் ஒரு நாள் அதில் பூஜ்யம் இருந்தது. எட்டு மணிக்குள் வாட்ஸப் குழுவிலிருந்து இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள், செயலாளர் ராஜினாமா கடிதம் எழுதிவிட்டார், வாழ்நாளில் யாரையும் மரியாதையாகக் கூப்பிடாத மூன்றாம் மாடிக்காரர் டேங்கர் லாரி டிரைவரைப் போனில் 'அண்ணா, அண்ணா' என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நான் அந்தப் பூஜ்யத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். நாற்பது குடும்பங்களில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. பூஜ்யம் என்றால் தண்ணீர் இல்லை. அவ்வளவுதான். ஒரு பூஜ்யத்தை இத்தனை பேர் இவ்வளவு சுலபமாகப் புரிந்துகொள்கிறார்களே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். நேராகச் சொல்லக்கூடிய விஷயமாக இருந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேனே.

சாக்பீஸ் வாசனை உங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தை நினைவூட்டும். எனக்குக் கிணற்றை நினைவூட்டும். எண்பதுகளின் பிற்பகுதியில் நான் நீர்வளத் திட்டம் போடும் அலுவலகம் ஒன்றில் தற்காலிக ஊழியனாகச் சேர்ந்தேன். தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் சில கிணறுகளுக்கு நம்பர் போட்டு வைத்திருந்தோம். மாதம் ஒரு முறை ஒவ்வொன்றுக்கும் போய், தரையிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்கினால் நனைந்த இடம் மட்டும் கறுத்து வரும். கழித்துப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். இதைச் செய்யத்தான் நான் பட்டம் வாங்கினேன் என்று அப்பாவிடம் சொல்லாமலே வைத்திருந்தேன்.

சட்டைப் பையில் எந்நேரமும் சாக்பீஸ் இருந்ததால் எலெக்ட்ரிக் டிரெயினில் எல்லோரும் என்னை வாத்தியார் என்று நினைத்தார்கள். குரோம்பேட்டையில் ஏறும் ஒருவர் தன் பையனுக்குக் கணக்கு வரவில்லை, என்ன செய்யலாம் என்று வாரம் தவறாமல் யோசனை கேட்பார். நானும் மறுக்காமல், "அடிப்படை சரியா இருக்கணும் சார்" என்று சொல்லிவைப்பேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே பல்லாவரத்தில் இறங்கிப் போவார். கணக்கில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது உங்களுக்கு இன்னும் சற்று நேரத்தில் தெரிந்துவிடும்.

அலுவலகம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது. கோதுமை அரைக்கும் நாட்களில் பிரச்சினை இல்லை. மிளகாய் அரைக்கும் நாட்களில் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் நான்கு தும்மல். வறண்ட புறநகரின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுத் தண்ணீரைப் பற்றி நாங்கள் கண்ணீர் மல்க யோசித்தோம் என்று சொன்னால் அது முழு உண்மை.

எங்கள் உதவிப் பொறியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கலர் பென்சில். வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவதில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு ஆசை. தண்ணீர் ஆழத்தில் இருந்தால் பழுப்பு, மேலே இருந்தால் நீலம். பழுப்பு பென்சில் மாதம் ஒன்று தேய்ந்துபோகும். நீல பென்சில் வாங்கிய நீளத்திலேயே கிடக்கும். அதைப் பார்த்து அவர் உண்மையாகவே வருத்தப்படுவார். கெட்டவர் இல்லை. தன் எலுமிச்சைச் சாதத்தில் பாதியை எனக்குக் கொடுப்பார், என் சட்டைக் காலரைச் சரி செய்வார். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் நிழல் கிடைத்திருக்கும்.

டேப்பைத் தூக்கிக்கொண்டு என்னோடு வருபவர் ஏகாம்பரம், எங்கள் கலாசி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று மிதித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். கிணற்றைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். எட்டிப் பார்த்தால் சட்டையைப் பிடித்து இழுப்பார். "எட்டிப் பாக்காத சாரு. நீ வுழுந்துட்டா உன்ன எந்தக் காலத்துல எழுதறது?" என்பார். எங்கள் படிவத்தில் கட்டங்களுக்குக் காலம் என்றுதான் பெயர்.

மேடவாக்கத்தில் இருந்தது பதினேழாம் நம்பர் கிணறு. கன்னியம்மாவுடையது.

அப்போது கன்னியம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கிணற்றைச் சுற்றி நான்கு பாத்தி: அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, ஒரு பாத்தி எப்போதும் விதைத்தபடி. முதல் பஸ்ஸில் கூடையோடு ஏறித் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய், பத்து மணிக்குள் விற்றுவிட்டுத் திரும்பிவிடும். அந்தக் கிணறும் அந்தப் பாத்திகளும் தவிர அதற்கு வேறு பிழைப்பு இல்லை. கிணற்றின் கைப்பிடிச் சுவரில் நாங்கள் வெள்ளை பெயிண்டில் 17 என்று எழுதியபோது பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு நாங்கள் போனபோது ஒன்றுக்கும் ஏழுக்கும் தனித்தனியாகக் குங்குமப் பொட்டு இருந்தது. "இது நம்பரு போட்ட கெணறு" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நம்பர் போட்டால் இப்படி ஒரு கிணறு இருக்கிறது என்று சர்க்காருக்குத் தெரியும், இனி அதை யாரும் ஒன்றும் செய்துவிட முடியாது. கன்னியம்மாவின் நம்பிக்கை அது. அப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நான் டேப்பை மேலே இழுத்ததும் கேட்கும்: "இன்னா சார், எவ்ளோ கீது?"

நான் அளவைச் சொல்வேன். உடனே கயிற்றை எடுத்து, அதில் போட்டிருந்த முடிச்சுகளை விரலால் தடவி எண்ணிப் பார்த்துவிட்டு, "ம், சரிதான்" என்று சொல்லும். நான் அளந்து சொல்லி அதற்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை. நான் ஒழுங்காக அளக்கிறேனா என்று பரீட்சை வைத்து மார்க் போட்டுக்கொண்டிருந்தது. மார்க் வாங்கிய நாளில் ஒரு கட்டு முளைக்கீரை கிடைக்கும். அதை எலெக்ட்ரிக் டிரெயினில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். என் அம்மா அதுதான் சர்க்கார் வேலையில் வரும் கிம்பளம் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் பெரிதாக வாங்கக் கூடாதா என்பார்.

பிறகு ஒரு ஐப்பசி கார்த்திகை மழையில்லாமல் போனது. அடுத்த வருடமும் அப்படியே. அந்த நாட்களில் தாம்பரத்தில் பிளாஸ்டிக் குடங்கள் மனிதர்களைவிட ஒழுங்காக வரிசையில் நிற்கும். எங்கள் வீட்டுப் பக்கத்தில் அடிபம்பை அடித்து அடித்து ஒரு அம்மாவுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு அவருடைய இடத்தில் இன்னொருவர் குடத்தை நகர்த்தி வைத்தார். எல்லோரும் ஒரு குடம் முன்னால் நகர்ந்தார்கள்.

அந்தச் சித்திரையில்தான் பதினேழாம் நம்பரில் டேப்பு முதல் தடவையாக உலர்ந்தபடி மேலே வந்தது. நுனியில் கொஞ்சம் சேறு, அவ்வளவுதான். விடியற்காலையில் மட்டும் இரண்டு மூன்று குடம் ஊறுகிறது, அதை வைத்துப் பாத்தியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றது கன்னியம்மா. நான் அளவு எழுதும் கட்டத்தில் ஒரு கோடு போட்டு, கடைசிக் கட்டத்தில் 'வறண்டது' என்று எழுதினேன். மாதக் கடைசியில் கலர் பென்சில் என்னைக் கூப்பிட்டார்.

"என்னப்பா இது, கோடு போட்டிருக்க?"

"தண்ணி இல்ல சார். டிரை."

"கோடு போட்டா நீ போகலைன்னு அர்த்தம். ஆடிட்ல கேப்பாங்க. கட்டம் காலியா இருக்கக் கூடாதுப்பா. அதோட இப்ப இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறுது. அது கோடெல்லாம் எடுத்துக்காது, நம்பர் கேக்கும்."

"தண்ணியே இல்லையே சார், என்ன நம்பர் போடறது?"

"இல்லைன்னா என்ன நம்பர்? சைபர்தானே!"

தலைமை அலுவலகத்தில் அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஏசி அறை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாங்கள் படிவக் கட்டுகளோடு வெறுங்காலில் போய், கைகட்டி நின்று கொடுத்துவிட்டு வருவோம். 'வறண்டது' என்று நான் எழுதிய கடைசிக் கட்டத்தை அங்கே யாரும் ஏற்றவில்லை. அது எழுத்து, கம்ப்யூட்டருக்கு எண்தான் வேண்டியிருந்தது.

தண்ணீர் இல்லாவிட்டால் பூஜ்யம். இதில் என்ன தப்பு என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, என் சக ஊழியர்கள் அத்தனை பேருக்கும் அப்படித்தான் தோன்றியது. மேடவாக்கத்தைச் சுற்றித்தான் கிணறுகள் அடியோடு வறண்டிருந்தன, மற்ற ஊர்களில் ஆழத்திலாவது கொஞ்சம் இருந்தது; வறண்டவற்றுக்கெல்லாம் சந்தோஷமாகப் பூஜ்யம் போட்டோம். ஆனால் அந்தக் கட்டத்தின் தலைப்பு என்ன? தரையிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்பது. எட்டு மீட்டர் என்று எழுதினால் எட்டு மீட்டர் கீழே. இரண்டு மீட்டர் என்றால் நல்ல தண்ணீர், கைக்கெட்டும் தூரம். அப்படியென்றால் பூஜ்யத்துக்கு என்ன அர்த்தம்? கீழே போகவே வேண்டியதில்லை. கிணறு வாய் வரை தளும்பி நிற்கிறது என்று அர்த்தம்.

ஒன்றரை வருடம் பூஜ்யம் எழுதினேன். அதிலும் கடைசி ஆறேழு மாதம் கிணற்றடிக்கே போகவில்லை. கேம்ப் ரோடு டீக்கடையில் உட்கார்ந்து எழுதினேன். "வறண்டு போன கெணத்துக்கு இன்னாத்துக்கு சாரு டேப்பு? அது இன்னா ஓடியா பூடும்?" என்பார் ஏகாம்பரம். நியாயமாகத்தான் பட்டது. வட்டம் மட்டும் அழகாக இருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம் இருந்தது எனக்கு. டீ கிளாஸின் அடிப்பாகத்தைப் பார்த்துப் பார்த்துப் பூஜ்யத்தை உருட்டினேன்.

ஒரு நாள் கலர் பென்சில் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு மிக்சரும் காபியும் கொடுத்தார். மேஜை மேல் புது வரைபடம். ஊரப்பாக்கம் பழுப்பு, கேளம்பாக்கம் பழுப்பு. மேடவாக்கத்தைச் சுற்றி மட்டும் நீலம், பளிச்சென்ற நீலம். நீலப் பென்சில் பாதியாகத் தேய்ந்திருந்தது.

"பாருங்கப்பா! ஊரெல்லாம் காயுது, இங்க மட்டும் ரீசார்ஜ் ஆயிருக்கு. மலையில இருந்து பாறை இடுக்கு வழியா ஏரி அடிக்கு வருதுன்னு நினைக்கறேன். மூணு பக்கம் எழுதி அனுப்பியிருக்கேன்."

நீலத்தின் நடுவில் சின்னதாக 17 என்று எழுதியிருந்தது. காபி என் வாயிலேயே நின்றது. ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. ஒன்றரை வருடம் புரியாதது ஒரு நொடியில் எப்படிப் புரிந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன். "சார், அந்தச் சைபர்..." என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. பொறியாளர் அல்லவா, அவருக்கும் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் இருந்தது பயம் இல்லை. நீலம் போகிறதே என்ற வருத்தம்.

"ரிப்போர்ட் மேல போயாச்சுப்பா" என்றார். பிறகு மெதுவாக, "எல்லாத்துலயும் கையெழுத்து உன்னோடதுதானே?"

"ஆமா சார்."

"உன் பர்மனென்ட் ஃபைலும் அதே மேஜைலதான் இருக்கு. இந்த நேரத்துல எதுக்கு?"

மிரட்டவில்லை. என் நன்மைக்குத்தான் சொன்னார். மீதி மிக்சரைப் பொட்டலம் கட்டி, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ என்று என்னிடமே கொடுத்தார். நானும் எடுத்துக்கொண்டு போனேன்.

நீலம் இருக்கும் இடத்திலிருந்து பழுப்பு இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் எடுப்பதுதானே திட்டம்? மேடவாக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு லாரியில் எடுத்துப் போக அனுமதி கொடுத்தார்கள். கன்னியம்மாவின் பாத்தியை ஒட்டிய நிலத்தில் மூன்று போர் இறங்கியது. வாசலில் லாரிகள். பதினேழாம் நம்பரில் விடியலில் ஊறிக்கொண்டிருந்த அந்த இரண்டு மூன்று குடமும் நின்றுபோனது. முளைக்கீரைதான் முதலில் போனது, அதற்குத் தாகம் தாங்காது.

கன்னியம்மா தபாலாபீஸ் வாசலில் யாரையோ பிடித்து மனு எழுதிக்கொண்டு, மனு வாங்கும் நாளில் போய் நின்றது. என் கிணறு வறண்டுவிட்டது, பக்கத்தில் போர் போட்டு உறிஞ்சுவதை நிறுத்துங்கள், என் கிணறு நம்பர் போட்ட கிணறு. இவ்வளவுதான் மனு. விவரம் சொல்ல எங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். கலர் பென்சில் பதிவேட்டை எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். நான் பின்னால், ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

மனு வாங்கும் பெரிய அதிகாரி கேட்டார்: "பதினேழு... லெவல் என்ன?"

கலர் பென்சில் பதிவேட்டைப் பிரித்தார். "ஜீரோ சார்."

"ஜீரோன்னா?"

ஒரு வினாடி. அந்த ஒரு வினாடி அவரும் நானும் சம்பளம் வாங்கிய அத்தனை வருடத்துக்கும் சமம். "கிரவுண்ட் லெவல் சார்," என்றார். "ஃபுல்."

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏம்மா, கிணறு வாய் வரைக்கும் தண்ணி நிக்குது. வறண்டு போச்சுன்னு மனு எழுதிக்கிட்டு வந்திருக்க?"

பின்னாலிருந்து யாரோ, "நீச்சல் கத்துக்கப் போலாம்பா" என்றார்கள். கூடம் முழுக்கச் சிரித்தது. வெயிலில் காத்திருந்த மற்ற மனுக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அவர்களுக்கும் அன்றைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. கன்னியம்மாவும் கொஞ்சம் சிரித்தது. ஏதோ ஆள் மாறிப்போயிருக்கிறது என்று நினைத்திருக்கும்.

"அது வேற கெணறு சாமி. என்துது நம்பரு போட்ட கெணறு."

"நம்பர் போட்டதுதாம்மா. பதினேழு."

அப்போதுதான் திரும்பித் தூணுக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்தது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "தோ, சார் கீறாரே! சார்தான் அளக்கறாரு. சொல்லு சார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

"ரெக்கார்டுல அப்படித்தாம்மா இருக்கு" என்றேன்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. கிணற்றடியில் நான் அளவு சொன்னதும் கயிற்று முடிச்சைத் தடவிக்கொண்டே என்னைப் பார்க்குமே, அதே பார்வை பார்த்தது. இந்தத் தடவை 'சரிதான்' என்று சொல்லவில்லை. அடுத்த மனுவைக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் ஏகாம்பரம் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "கன்னியம்மா இன்னா பண்ணிச்சு தெரியுமா சாரு? பஸ்ஸு வுட்டு எறங்கி வூட்டுக்குக்கூடப் போவலயாம். நேரா கெணத்தாண்ட போயி எட்டிப் பாத்துச்சாம்." சொல்லி முடித்தபோது அவர் சிரிக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நானும் ஒரு கோழை என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன். கோழைகள் எவ்வளவோ பேர், அதில் ஒரு ஆள். இதற்கு அப்புறம் நான் செய்ததுதான் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்துக் கேம்ப் ரோடு பஸ் நிறுத்தத்தில் கன்னியம்மா என்னைப் பிடித்துவிட்டது. கூடை காலி. கோபம் இருக்கும் என்று நினைத்து நான் விலகப் பார்த்தேன். அதற்குக் கோபமே இல்லை. ஒரு வாரமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

"சார், ரிக்கார்டுல கீதுன்னா எங்கியாச்சும் கீதுதான? சர்க்காரு எழுதி வெச்சிகினு கீது, சும்மாவா எழுதுவாங்க? அடில பூட்ச்சா சார்? தோண்டுனா வருமா?"

பக்கத்தில் யாரும் இல்லை. பதிவேடு இல்லை, அதிகாரி இல்லை. வராதும்மா, நான் எழுதினது தப்பு, காசை அதில் போடாதே என்று சொல்ல அரை நிமிடம் போதும். என் ஃபைல் அந்த வாரம்தான் கையெழுத்துக்குப் போயிருந்தது. இந்த அம்மா போய் யாரிடமாவது 'சாரே தப்புன்னு சொன்னாரு' என்று சொல்லிவிட்டால்? என் மனதில் ஓடியது இது ஒன்றுதான். அழகாக ஏதாவது ஓடியது என்று எழுத ஆசைதான்.

"வரும்மா" என்றேன். "தோண்டிப் பாருங்க."

அதன் முகம் மலர்ந்ததை நான் சொல்லியே ஆக வேண்டும். "அதான பாத்தேன்!" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கூடையை இடுக்கிக்கொண்டு வந்த பஸ்ஸை நோக்கி ஓடியது.

காதில் இருந்த கம்மலை விற்றது. கறவை மாட்டை விற்றது. கிணறு வெட்டும் ஆட்களைக் கொண்டுவந்து இரண்டு மாதம் ஆழப்படுத்தியது. நம் பக்கத்தில் கொஞ்ச ஆழத்திலேயே கருங்கல் வந்துவிடும், அது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியும். பாறைப் படம் எங்கள் அலுவலகச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மிளகாய்ப் பொடி படிந்து சிவப்பாக இருக்கும்.

என் நிரந்தர உத்தரவு அந்த இரண்டு மாதத்துக்குள் வந்துவிட்டது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். ஏகாம்பரத்திடம் நீட்டினேன். "வை சாரு, அப்பால துன்றேன்" என்றார். அப்புறம் சொன்னார், என்னைப் பார்க்காமல்: "பாறை சாரு. வெடி வெச்சா தூளு வர்து, தண்ணி வரல. அது வுட மாட்டேங்குது. சார் சொல்லிக்கீறாரு, வரும், வரும்ங்குது." லட்டு ஜன்னல் விளிம்பில் மூன்று நாள் இருந்தது. எறும்பு தின்றது.

கன்னியம்மாவிடம் கையில் இருந்ததெல்லாம் தீர்ந்ததும் நிலம், பக்கத்தில் போர் போட்டிருந்த லாரிக்காரரிடம் போனது. அவர் கிணற்றுக்குப் பத்தடி தள்ளி நான்காவது போரைப் போட்டார். நான் மேடவாக்கம் பக்கம் வேண்டாம் என்று கேட்டு ஊரப்பாக்கம் பக்கத்தை வாங்கிக்கொண்டேன். பதினேழுக்கு வேறு யாரோ பூஜ்யம் போட்டார்கள். அடுத்த திட்டத்திலும் மேடவாக்கம் நீலமாகவே இருந்தது. முந்தைய திட்டத்தில் நீலமாக இருந்ததால்.

கலர் பென்சில் ஓய்வு பெற்றபோது வாழ்த்து மடல் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. 'வறண்ட பூமியில் நீலம் கண்டவரே' என்று ஒரு வரி எழுதினேன். குத்தலாக எழுதவில்லை, அன்றைக்கு எனக்கு அது அழகான வரியாகத்தான் பட்டது. கைதட்டினார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள், அதனாலும் இருக்கலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் தாம்பரம் மார்க்கெட்டில், "சார்!" என்று ஒரு குரல். திரும்பாமலே தெரிந்துவிட்டது. கன்னியம்மா தரையில் சாக்கு விரித்துக் கீரை விற்றுக்கொண்டிருந்தது. வேறு எங்கிருந்தோ லாரியில் வந்த கீரை, கட்டு மாற்றிக் கட்டியது. காதில் ஈர்க்குச்சி. எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

"நல்லா கீறியா சார்? கொயந்திங்க?"

"நல்லா இருக்கோம்மா."

"உன்ன பாத்தா சொல்லணும்னு நென்ச்சிகினே இருந்தேன் சார்." குரலைத் தாழ்த்திக்கொண்டது, ஏதோ தன் குற்றத்தைச் சொல்லப்போவதைப் போல. "நான்தான் எடம் தப்பா தோண்டிட்டேன். லாரிக்காரன் பத்தடி தள்ளிப் போட்டான், பொத்துகினு வந்துச்சு. ஒரு பத்தடி சார்! நீ அன்னிக்கே கீதுன்ன. அந்தக் கச்சேரில எல்லாரும் சிரிக்கசொல்ல நான்கூட உன்ன கொஞ்சம் தப்பா நென்ச்சிட்டேன். மனசுல வெச்சுக்காத. நீ சரியாத்தான் அளந்துக்கீற."

லாரிக்காரரின் போர் எத்தனை நூறு அடி ஆழம் என்று எனக்குத் தெரியும். பாறையைத் துளைத்துக்கொண்டு அடியில் எங்கிருந்தோ உறிஞ்சும் அந்தத் தண்ணீருக்கும் கன்னியம்மாவின் மண்வெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தெரியும். அப்போது நான் நிரந்தர ஊழியன், பதவி உயர்வு வாங்கியவன், யாரும் என்னை ஒன்றும் செய்திருக்க முடியாது. சொல்லியிருக்கலாம். "பரவாயில்லம்மா" என்றேன். ஆமாம், நான் அதை மன்னித்தேன். ஒரு கட்டு முளைக்கீரையைப் பையில் போட்டது. காசு கொடுத்தால் வாங்கவில்லை. "உனக்கு இல்லாததா" என்றது. வீட்டில் அன்று இரவு கீரை மசியல். நன்றாக இருந்தது என்று இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன். இதையும் எழுதாமல் விட்டால் நான் மாறவே இல்லை என்று ஆகிவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு மேடவாக்கத்திலேயே வீடு வாங்கினேன். பஸ்ஸுக்கு வசதி, விலை படிந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை. மாவு மில் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஏகாம்பரம் போய்விட்டார். போர்களில் தண்ணீர் தீர்ந்ததும் லாரிகள் வேறு ஊருக்குப் போயின, பாத்திகள் இருந்த இடமெல்லாம் வீடுகள். லாரி நின்ற மூலையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கார் நிறுத்தும் இடத்தின் சிமெண்டுத் தளத்துக்குக் கீழே இருக்கிறது பதினேழாம் நம்பர். பழைய கட்டடம் இடித்த கல்லும் மண்ணும் கொட்டித் தரைமட்டம் வரை நிரப்பி மூடிவிட்டார்கள்.

போன கோடையில், லிஃப்டுக்குப் பக்கத்தில் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த அன்று மாலை அங்கே போய் நின்றேன். வாய் வரை நிரம்பியிருந்தது. இப்போது யார் டேப்போடு வந்து எழுதினாலும் பூஜ்யம்தான், என் அளவு கடைசியில் சரியாகிவிட்டது. சரிதான் என்று சொல்லக் கன்னியம்மா இல்லை.